இருபத்தொன்பது பிடி நெல்

அன்று களத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். குத்தகைக்காரர். அவருடைய தம்பி. நிலக்காரர் சைகோனில் இருந்ததால் அவருக்குப் பதிலாக வரும் காரியஸ்தர். மாட்டு வண்டிக்காரர். கூடை சுமக்க வந்த இரண்டு பெண்கள், மாமியாரும் மருமகளும். ஏழாவது ஆள் நான், நெல் அளக்க வந்தவன். இவர்களைத் தவிர, வாய்க்கால் கரையில் தென்னை மரத்தில் சாய்த்து வைத்த என் மைத்துனனின் சைக்கிள் ஒன்றும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் நான் எதையோ மறைத்ததாகிவிடும்.

கோட்டுச்சேரிக்கு மேற்கே உள்ள களம் அது. தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த நேரம். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷம். குத்தகை நெல் முப்பது கலம். இரண்டு நாள் முன்பே குத்தகைக்காரர் தன் வீட்டு மரக்காலால் அளந்து, முப்பதுக்கு மேலேயே கொஞ்சம் இருக்கட்டும் என்று தனியாக ஒதுக்கி, களத்தில் குவித்து வைக்கோல் போட்டு மூடியிருந்தார். அதற்கு இரண்டு ராத்திரியும் காவல் படுத்தது தம்பி.

அளக்கும் முறையைச் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். முதல் மரக்காலை எங்கள் பக்கம் 'ஒண்ணு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். மரக்காலை நெல்லில் அழுத்தி நிரப்பி, கையால் தலை வழித்து, கூடையில் கொட்டும்வரை அந்த எண்ணையே இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 'நாலேய்... நாலு... நாலேய்...' என்று. வாய் எண்ணை விட்டுவிட்டால் கணக்கு போய்விடும் என்பதற்காகத்தான் அப்படி. அதனால் அளக்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு ஆனதும் குவியலிலிருந்து ஒரு பிடி நெல் எடுத்து, பக்கத்தில் விரித்த சாக்கில் வைக்க வேண்டும். ஒரு பிடி என்றால் ஒரு கலம். பிறகு மறுபடி 'லாபம்'. கடைசியில் சாக்கில் எத்தனை பிடி இருக்கிறதோ அத்தனை கலம். வேறு கணக்கு கிடையாது.

இந்த வேலை எனக்கு மாமனார் வழியில் வந்தது. அவருக்கு முழங்கால் மடங்காமல் போனபோது மரக்காலை என் கையில் கொடுத்தார். எனக்கு அதற்கான லாயக்கு இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. நான் மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு ஏறாமல் இல்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் நடுவில் நின்றுவிடுவேன். ஆறேழு நாற்பத்திரண்டு என்று சொல்லும்போதே, வரும்போது ஆட்டுக்குட்டியை முளையில் கட்டினோமா, அம்மாவுக்குக் காய்ச்சல் கூடியிருக்குமோ என்று மனசு வீட்டுக்குப் போய்விடும். வாத்தியார் பிரம்பைத் தட்டினால்தான் திரும்பி வருவேன். வந்தாலும் எங்கே விட்டேன் என்று தெரியாது. அடிக்குப் பயந்து நின்றுகொண்டேன். அப்படிப்பட்டவனுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும் பிழைப்பு வந்து வாய்த்தது.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை ஒரு களம், மத்தியானம் இந்தக் களம் என்று இரண்டு இடத்தில் அளவு இருந்தது. நடந்து போனால் நேரம் போதாது என்று மைத்துனனிடம் சைக்கிளைக் கேட்டேன். புது வண்டி. பூட்டு இன்னும் வாங்கவில்லை.

"மாமா, உங்களுக்குன்றதாலத்தான் தர்றேன். ஒரு கீறல் விழுந்துச்சு, அக்காகிட்ட சொல்ல மாட்டேன், நேரா உங்ககிட்டத்தான் வருவேன்" என்றான்.

அந்த ஒரு கீறல் காலையிலிருந்து என் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. களத்துக்கு வந்து மரக்காலைக் கையில் எடுக்கும் முன்பே நாலு தரம் கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். கூடைக்கார மாமியார் அதைக் கவனித்துவிட்டார்.

"அளவுக்காரரே, நீங்க தாலி கட்டுனது பொஞ்சாதிக்கா, அந்த சைக்கிளுக்கா?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காரியஸ்தர், "சரி சரி, லாபம் சொல்லுங்கய்யா. பொழுது சாயறதுக்குள்ள வண்டி களஞ்சியத்துக்குப் போயாகணும்" என்றார். நான் கிழக்கே பார்த்து லாபம் சொன்னேன்.

பாதிவரை ஒழுங்காகப் போனது. பெண்கள் கூடை கூடையாகக் கொண்டுபோய், பாய் கட்டிய வண்டியில் கொட்டினார்கள். பாதிக்கு மேல், ஒரு கலம் முடியும் தறுவாயில், கரையிலிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. யாரோ போகிற போக்கில் அடித்துப் பார்த்த மணி. நான் நிமிர்ந்து மேற்கே கரைப் பக்கம் திரும்பினேன். வாய் 'பன்னெண்டேய்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கையும் கொட்டியது. ஆனால் கண் கரையில் இருந்தது. மேற்கு வெயில் கண்ணில் அடித்தது. வெறும் மேலோடு ஒருத்தர் சைக்கிளைத் தாண்டிப் போவது தெரிந்தது. வண்டி நிற்கிறது, விழவில்லை. அப்பாடா என்று குனிந்து லாபம் சொன்னேன்.

அதற்கப்புறம் மூணோ நாலோ சொல்லும்போது, பிடி வைத்தேனா என்ற கேள்வி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி எனக்குப் புதிதே இல்லை. ஒவ்வொரு அளவிலும் ஏழெட்டுத் தடவை வரும். பிடி வைத்த கையின் ஈரம் காயும் முன்பே வைத்தேனா என்று தோன்றும். கதவைச் சாத்தினேனா, அடுப்பை அணைத்தேனா, கடைக்காரர் கொடுத்த சில்லறையை எண்ணினேனா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான். பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் அன்றும், இது வழக்கமான பிடுங்கல் என்று தள்ளிவிட்டேன். நிஜமான சந்தேகமும் வெறும் சந்தேகமும் எனக்கு ஒரே முகத்தோடுதான் வரும்.

குவியல் தீர்ந்தது. காரியஸ்தர் சாக்கின் பக்கம் குந்தி உட்கார்ந்து பிடிகளை எண்ணினார். இருபத்தொன்பது. அதற்கு மேல் மூன்று மரக்கால்.

"முப்பதுக்கு ஒம்போது மரக்கா கொறையுதே" என்றார்.

குத்தகைக்காரர் சிரித்தார். அவர் நம்பவில்லை. தானே வந்து எண்ணினார். சிரிப்பு போய்விட்டது. "நான் முப்பதுக்கு மேல வெச்சேங்க. என் கையால அளந்து வெச்சேன்."

"வீட்டு மரக்கால் வேற, அளவு மரக்கால் வேற."

"அதுல மூணு மரக்கா நாலு மரக்கா வித்தியாசம் வரும். ஒரு கலமா வரும்?" அவர் என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "வண்டிய இறக்கி இன்னொரு தடவ அளந்துடலாங்களா?"

வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இறக்கி, அளந்து, ஏத்தி... விடிஞ்சிரும்ணே."

காரியஸ்தர் என் பக்கம் திரும்பினார். "அளவுக்காரர் என்ன சொல்றீங்க? ஒங்க அளவுல சந்தேகம் இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறு அளவு கேட்க விட்ட அளவுக்காரனை அடுத்த வருஷம் எந்தக் களத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். ஒருத்தரை அப்படித்தான் விட்டார்கள், எனக்குத் தெரியும். மனைவி அப்போது ஏழு மாதம். இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் தலையில் வந்து போனது. "சரியாத்தாங்க அளந்தேன்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து போனதும், குத்தகைக்காரர் முகம் என்னிடமிருந்து திரும்பியது. அது நேரே போய்த் தம்பியிடம் நின்றது.

தம்பிக்கு இருபது இருபத்தொரு வயசு இருக்கும். "என்னைய ஏன்ணே பாக்குறீங்க?" என்றார்.

"ரெண்டு ராத்திரி நீதானே படுத்திருந்த."

"ஆமா."

"தூங்குனியா?"

"கண்ணு அசந்திருக்கும்ணே. அதுக்காக ஒரு ஆளு வந்து உக்காந்து ஒரு கலத்த அள்ளிக்கிட்டுப் போற வரைக்குமா..."

"அப்ப நெல்லு எங்க?"

பெண்கள் இருவரும் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். காரியஸ்தர் எழுந்து துண்டை உதறினார். "உங்க வீட்டுச் சமாச்சாரம் அப்புறம். பொழுதோட முப்பது நெறையணும். நெறையலன்னா வர்ற வருஷம் வேற ஆளு. இது நான் சொல்லல, சைகோன் சொல்லுது."

குத்தகைக்காரர் டவுனுக்குப் போய், மண்டிக்கார பாயிடம் ஒரு கலம் நெல்லைக் கடனாக வாங்கிவந்து நிரப்பினார். ஆறு ரூபாய். நிலம் அவரிடமே தங்கியது. ஆனால் தம்பி அன்று வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு களத்தில் அந்தக் கூடைக்கார மருமகள் சொன்னாள்: "அண்ணனும் தம்பியும் பேசிக்கிறதில்லயாங்க. தம்பி மூட்டைய எடுத்துக்கிட்டு டவுனுக்கு, கோவில்பத்துக்குப் போயிருச்சாம். அந்த பாய் மண்டியிலயே மூட்ட தூக்குதாம். அம்மா செத்ததுலேருந்து அண்ணன்தாங்க வளத்தாரு. அந்தப் புள்ளையப் போயி திருடன்னு நெனைக்கிறாரே."

நான் மரக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம்தான் சொன்னாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். "பாவம்" என்றேன்.

பிடி வைத்தேனா என்ற கேள்வி முன்பு ஏழெட்டுத் தடவை வந்தது, அன்றிலிருந்து ஒவ்வொரு மரக்காலுக்கும் வந்தது. இப்படியே போனால் இன்னொரு குடும்பத்தைக் கெடுப்பேன் என்று தோன்றியது. மனசை ஓரிடத்தில் கட்டப் பழக வேண்டும், அல்லது மரக்காலை விட வேண்டும். விட்டால் சோறு இல்லை. அதனால் பழகினேன். நல்ல எண்ணத்தில் என்று சொல்ல மாட்டேன். பயத்தில்.

கோடையில் களம் ஏது? கொல்லையில் ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, அதை அளந்தேன். மரக்கால் மரக்காலாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். தீர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன, மண்ணு யாவாரமா? கலம் என்ன வெல?" என்பார். நான் 'அஞ்சேய்... அஞ்சு' என்று பதில் சொல்வேன். அவருக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. தினமும் வந்து ஒவ்வொரு விலையாகக் கேட்டுப் போனார்.

மனைவியை இடைஞ்சல் செய்யச் சொல்லியிருந்தேன். கைக்குழந்தையோடு பின்வாசலில் உட்கார்ந்து விதவிதமாகச் செய்தாள்.

"என்னங்க, எண்ணெய்க்காரர் காசு கேக்குறாரு."

"ஆறேய்... ஆறு..."

"உங்க மைத்துனன் வந்திருக்கான். சைக்கிள்ல கீறலாம்."

அதற்கு மட்டும் முதல் பத்து நாள் நிமிர்ந்துகொண்டே இருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் மறுபடி லாபத்திலிருந்து தொடங்குவேன். ஒரு நாள், "என்னங்க, பசு அவுத்துக்கிச்சு" என்றாள். நான் ஒன்பது சொன்னேன். "நெசமாவே அவுத்துக்கிச்சுங்க!" என்றாள். பத்து சொன்னேன். பசு அவரைப் பந்தலை மேய்ந்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று மணலை முகர்ந்தது. பன்னிரண்டு சொல்லி, பிடி மணலை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவள் ஒரு வாரம் அவரைக்காய் என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் திட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஆனால் வெளியில் இருந்து வரும் சத்தம் சுலபம். உள்ளேயிருந்து வருவதுதான் நிற்கவில்லை. ஆளில்லாத கொல்லையில், காற்றுகூட இல்லாத நேரத்தில், நானே எனக்கு மணி அடித்துக்கொள்வேன். அதற்கு ஒரு வழியை மனைவிதான் கண்டுபிடித்தாள். என் புலம்பல் தாங்காமல் சொன்னது அது.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிருங்க. ஒண்ணு பாக்கி வெக்காம. அப்புறம் அது எங்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

"வாங்கிக்கிறதுன்னா?"

"நான் பத்திரமா வெச்சிருப்பேன். ஒண்ணும் கொறையாது."

விளையாட்டாகத்தான் தொடங்கியது. காலையில் கஞ்சி குடிக்கும்போது சொல்வேன். கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும். குழந்தைக்குச் சளி. கடைக்காரரிடம் மாமனார் வைத்த பாக்கி. அவள் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே, "ம்... ம்... வெச்சாச்சு... அடுத்து" என்பாள். களத்தில் ஓலை நினைவு வந்தால், அது வீட்டில் அவளிடம் இருக்கிறது, இப்போது என் கையில் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். மனசு பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது. சாயங்காலம் திரும்பினால், "இந்தாங்க உங்க ஓலை, இந்தாங்க உங்க சளி" என்று நீட்டுவாள். பாதியை நான் வாங்கவே மறந்திருப்பேன்.

கடைசியாக என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன மாற்றம். பன்னிரண்டு ஆனதும் முன்பெல்லாம் வாய் தன் போக்கில் அடுத்த லாபத்துக்குப் போய்விடும், கை பின்னால் வந்து பிடியை வைக்கும். அதைத் திருப்பினேன். பிடி சாக்கில் பட்ட பிறகு 'கலம்' என்று ஒரு சொல் உரக்கச் சொல்வது. அதைச் சொல்லாமல் லாபம் சொல்வதில்லை. உள்ளங்கையிலிருந்து நெல் உதிரும் உணர்ச்சி வந்தால்தான் வாய் திறக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இது என்ன புதுசா, கலம்?" என்று கேட்டார்கள். "பழக்கமாயிருச்சு" என்றேன். கோடை முடிந்து குறுவை வருவதற்குள், சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துவிட்டு, கை உதிர்த்ததா என்று கேட்டு, உதிர்த்தது என்று பதில் வந்ததும் விட்டுவிட முடிந்தது. என் வாழ்க்கையில் எனக்கு நானே பதில் சொல்லி நம்பியது அப்போதுதான்.

பேர் பரவியது. குறுவை நெல் வந்து இறங்கும் ஐப்பசியில், டவுனிலிருந்து மண்டிக்கார பாயே ஆள் அனுப்பினார். அந்த மண்டியில்தான் தம்பி மூட்டை தூக்குகிறார் என்பது எனக்குத் தெரியும். போகாமலிருந்திருக்கலாம். கூலி நல்ல கூலி. போனேன்.

முதல் நாள் என்னைக் கண்டதும் அவர் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். அதற்கு மேல் குனிந்துகொண்டேன். குனிய இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது அந்த மாதம்தான். நான் மண்டியில் அளந்துகொண்டிருந்தேன். தெருவில் வெடி வெடித்தார்கள், மேளம் போனது, மண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் அந்தக் கலத்தை முடித்து, பிடி வைத்து, கலம் என்று சொல்லி, அடுத்த லாபத்தையும் தொடங்கிவிட்டேன். பாய் திரும்பி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"மாஷா அல்லா! ஊரே கொடியப் பாக்குது, இந்த மனுஷர் மரக்காலப் பாக்குறாரு. இனிமே எனக்கு வேற அளவுக்காரர் வேண்டாம்."

எனக்கு முகம் சூடானது, பெருமையில்தான். அளவு முடிந்து மரக்காலைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பானைப் பக்கம் போனேன். தம்பி அங்கே நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"அண்ணே, இந்தப் பத்து நாளா உங்க அளவப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு மணி தப்பாது. இடி விழுந்தாலும் நீங்க நிமிர மாட்டீங்க."

நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கும் நீங்கதானே அளந்தீங்க. ரொம்ப நாளா எம்மனசுல, அளவுக்காரர் தப்பா எண்ணியிருப்பாரோன்னு ஒரு எண்ணம் இருந்துச்சுண்ணே. தப்பா நெனைச்சுக்காதீங்க. இப்பத்தான் தெரியுது. நான்தான் நல்லாத் தூங்கியிருக்கேன். எவனோ அள்ளிருக்கான்."

செம்பைக் கீழே வைத்தேன்.

"வாரம் ஒரு ரூபா, அர ரூபான்னு அந்த ஆறு ரூபாயையும் அண்ணிகிட்ட குடுத்து முடிச்சிட்டேன். அண்ணன் கையால வாங்கல. நான் கட்டுனதும் ஊருல என்ன சொன்னாங்க தெரியுமா? திருடாதவன் எதுக்குக் கட்டுறான்னு." அவர் சிரிக்கப் பார்த்தார். "பரவால்ல. தூங்குனதுக்குக் கட்டுனேன்னு வெச்சுக்கிட்டேன்."

நான் பழகிய பழக்கம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. எனக்கு வேறு விதமாக இதைச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தேன். அன்று வழியில் கதவும் அடுப்பும் நினைவுக்கு வரவில்லை. மனசு ஒரே இடத்தில் நின்றது, நான் பழக்கியபடியே. அது போய் நின்ற இடம் அந்தக் களம். பன்னிரண்டாவது மரக்கால். மணிச் சத்தம். நிமிர்கிறேன். மேற்கு வெயில். இடது கையில் மரக்கால் இருக்கிறது, கொட்டிவிட்டேன். வலது கை எங்கே? மாதக்கணக்கில் உள்ளங்கையையே பார்த்துப் பழகியதில் இப்போது அது தெரிந்தது. வலது கை நெற்றியில் இருந்தது. வெயிலை மறைத்துப் புருவத்துக்கு மேல் வைத்திருந்தேன். அங்கிருந்து நேரே குவியலுக்குப் போய் மரக்காலை அழுத்தியது. சாக்கின் பக்கம் போகவே இல்லை. எனக்கு மூன்றாவது கை கிடையாது.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னேன். வழக்கம்போல் கஞ்சியை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை. அவள் "வெச்சாச்சு" என்று சொல்லவில்லை.

"இத எங்கிட்ட குடுக்காதீங்க. ஓல பறக்குமோ, சளி கூடுமோன்னா நான் வெச்சுக்குவேன். இது நடந்தது. நடந்தத நான் எப்படி வெச்சுக்கிறது?"

பிறகு அடுக்குப் பானையிலிருந்து சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் ஊரில் அப்போதும் பழைய பேச்சுப்படி இரண்டணாவைப் பணம் என்போம், ரூபாய்க்கு எட்டுப் பணம். எண்ணினால் நாலு ரூபாய் இரண்டு பணம் இருந்தது.

மண்டிக்குப் போய்த் தம்பியை வெளியே கூப்பிட்டு, பாதாம் மரத்தடியில் நின்று சொன்னேன். மணிச் சத்தம், வெயில், கை. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், "அன்னைக்கே சந்தேகம் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. எனக்கு எப்பவும் வர்ற சந்தேகம்னு நெனைச்சேன்."

"திருப்பி அளக்கலாமான்னு அண்ணன் கேட்டாரே."

"கேட்டாரு."

அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "வாங்க. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொல்ல வாய் வராது" என்றார்.

கோட்டுச்சேரிச் சாலையில் இருவரும் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். குத்தகைக்காரர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தம்பி படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. கேட்டு முடிக்கும்வரை அவர் கயிற்றை விடவில்லை. பிறகு எழுந்தார். என்னைத் தாண்டிப் படலுக்குப் போனார்.

"சாப்டியா?" என்றார்.

தம்பி இல்லை என்று தலையாட்டினார்.

"உள்ள போ. அண்ணி சோறு போடுவா."

தம்பி என்னைக் கடந்து போகும்போது நான் காசை நீட்டினேன். நாலு ரூபாய் இரண்டு பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டார். "மீதிய அடுத்த மாசம் கொண்டாந்து தந்துடறேன்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

அண்ணன் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, அத நம்பி நான் என் புள்ள மாதிரி இருந்தவன விட்டேன். இனிமே என் களத்துப் பக்கம் வராதீங்க" என்றார்.

போகவில்லை. மண்டியில் பாயிடமும் நானே சொல்லிவிட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, "இன்னைக்கு அளவு இருக்கு, போய் அளங்க" என்றார். தொடர்ந்து அளந்தேன். கலம் என்று சொல்லும் வழக்கத்தை விடவில்லை. கேட்கிறவர்களுக்கு, பழக்கமாயிருச்சு என்று சொல்வதையும் விடவில்லை. முழுக் காரணத்தை எல்லோரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

மறு மாதம் மீதிக் காசோடு மண்டி வாசலில் தம்பியைப் பார்த்தேன். அவர் அங்கே வேலையை விட்டு அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்திருந்தார். அன்று நெல் போட வண்டியோடு வந்திருந்தார். காசை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க."

"உங்க காசு. நீங்க கட்டுனது."

"வாங்குனா கணக்கு முடிஞ்சுரும். முடிய வேண்டாம்" என்றார். குரலில் சண்டை இல்லை. மாட்டைத் தட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிறகு பொங்கலுக்கு ஒரு தடவை, அவர் கல்யாணத்துக்கு ஒரு தடவை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. நயா பைசா வந்த பிறகு பணம் என்ற பேச்சே நின்றுபோனது. எத்தனை பைசா என்று மாற்றிப் போட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை. அன்று எண்ணியபடியே வைத்திருக்கிறேன். அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் ஒரு ரூபாய் ஆறு பணம்.